துணைப் பாத்திரத்தின் ஆட்சேபணை

இலக்கிய இல்லங்கள் பாதுகாப்புக் கழகத்திலிருந்து நான்கு பேர் வந்து வாசற்படிகளை எண்ணினார்கள். ஆறு இருந்தன. கீழிருந்து மேலே எண்ணினாலும் ஆறு, மேலிருந்து கீழே எண்ணினாலும் ஆறு. ஒப்பீட்டு அதிகாரி கையிலிருந்த நாவலில் பச்சைச் சீட்டு ஒட்டிய பக்கத்தைத் திறந்தார்.

"'ஏழு படிகள் ஏறி என் வீட்டுக்குள் போனேன்'னு ஆசிரியர் எழுதியிருக்கார். ஒரு படி எங்கம்மா போச்சு?"

லேப் அம்மா படிகளைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் ரத்தம் பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் தெருவில் அவளுக்கு அந்தப் பெயர். எண்ணுவதுதான் அவள் தொழிலாக இருந்தது. இருந்தும் சந்தேகம் வந்து அவளும் ஒருமுறை எண்ணினாள்.

"கட்டும்போதே ஆறுதாங்க."

"அது உங்க கருத்து," என்றார் அதிகாரி, மனம் நோகாதபடி.

அடுத்த வாரம் கொத்தனார் வந்து ஏழாவது படியைக் கட்டினார். வாசல் கதவு அதில் இடித்தது. கதவின் அடியில் நாலு விரற்கடை அறுத்தார்கள்.

அவள் கணவர் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவர். அதிர்ந்து பேசாத மனுஷன். வாழ்நாளில் ஒரே ஒரு நாவல் எழுதினார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் 'நான்' என்று ஒருவர் பேசிக்கொண்டே போகிற நாவல். அந்த 'நான்' தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறார். அவருக்கு ஒரு மனைவி, ஆறு வயது மகள், தொட்டிலில் ஒரு மகன். மகள் காய்ச்சலில் கிடக்கிறாள். 'நான்' பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பத்தொன்பது நாள் அவளுக்குக் கதை சொல்கிறார். இருபதாம் நாள் மகள் இல்லை. மனைவி, "சாதாரணக் காய்ச்சல்தான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறாள், வருகிறாள், துணி துவைக்கிறாள். அழுவதில்லை.

படித்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். நாவல் பள்ளிப் பாடமானது. 'மனைவியின் கல்மனத்தைச் சான்றுகளுடன் விளக்குக' என்பது பத்து மதிப்பெண் வினா. அவள் தெருவிலேயே நாலைந்து பிள்ளைகள் பத்துக்குப் பத்து வாங்கியவர்கள். அவளைப் பார்த்தால் ஒரு வணக்கம் போட்டுவிட்டு எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள்.

கணவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டை இலக்கியத்துக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். இலக்கிய இல்லங்கள் பாதுகாப்புக் கழகம் அதை எடுத்துக்கொண்டது. அவளுக்குப் பின்னறையைக் கொடுத்தார்கள். நாவலில் பின்னறை எங்கும் வராததால் அதில் யார் இருந்தாலும் கழகத்துக்கு ஆட்சேபணை இல்லை.

மற்ற இடங்களில் இருந்தது. 'அவள் எப்போதும் சாத்திவைக்கும் ஜன்னல்' என்று ஓரிடத்தில் வருவதால் கூடத்து ஜன்னலை ஆணி அடித்து மூடினார்கள். சுவருக்கு 'மழை வரப்போகிற நிறம்' பூசவேண்டும் என்று ஒரு துணைக்குழு மூன்று மாதம் கூடிப் பேசியது. நடுவில் மழை பெய்து துணைக்குழு கலைந்தது. ஒருநாள் தேநீர் கொடுக்கும்போது அவள் லேசாகச் சிரித்துவிட்டாள். ஒப்பீட்டு அதிகாரி டம்ளரைக் கீழே வைத்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. நாவல்ல நீங்க மூணு எடத்துலதான் சிரிக்கிறீங்க. மூணும் ஏளனம். பார்வையாளர் நேரத்துல கொஞ்சம் பார்த்துக்குங்க."

"சரிங்க."

"இன்னொண்ணு. நாவல்ல நீங்க நல்ல உயரம். ஒல்லி." அவர் அவளை மேலும் கீழும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அதுக்கு ஏற்பாடு பண்ணிக்கறோம்."

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். மகள் படுத்திருந்த அறை வாசலில் ஒரு பித்தளைப் பலகையைத் திருகாணி போட்டு முடுக்கிய அன்றுதான் அவளுக்கு இரண்டு வாய் சோறு இறங்கவில்லை. பலகையில் எழுதியிருந்தது:

'மகள் காய்ச்சலில் கிடக்க, மனைவி வேலைக்குப் போன வாசல்.'

திறப்பு விழாவுக்கு இன்னும் மூன்று வாரம். ரிப்பன் வெட்டுவது அவள் மகன்.

மகன் வேறு ஊரில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பத்தொன்பது வயதில் அந்த நாவலைப் படித்தான். படித்து முடித்த அன்று சமையலறைக்கு வந்து, "அன்னிக்கு ஏம்மா வேலைக்குப் போனீங்க?" என்று கேட்டான். கூடத்தில் கணவர் செய்தித்தாள் புரட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "லீவு கிடைக்கலப்பா," என்றாள். அவர் காதில் விழுகிற தூரத்தில் அவளிடம் வேறு பதில் இல்லை. அன்றிலிருந்து மகன் அவளிடம் சண்டை போட்டதில்லை. மாதம் ஒரு தடவை போன் செய்வான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வச்சுடட்டுமா. கோபப்பட்டிருந்தால் தேவலை. மரியாதையாக இருந்தான்.

அவன் வந்து அந்தப் பலகைக்குக் கீழே நிற்பதற்குள் அதைக் கழற்றியாக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கழக அலுவலகத்தில் அதற்கென்று ஒரு படிவம் இருந்தது. 'பாத்திரங்களின் ஆட்சேபணை மனு.' குமாஸ்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"முதன்மைப் பாத்திரமா, துணைப் பாத்திரமா?"

"நான் அவர் மனைவிங்க."

"அப்ப துணை. வியாழக்கிழமை மட்டும். பெஞ்சுல உக்காருங்க."

பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவருடைய அண்ணன் எழுதிய புத்தகத்தில் வருகிற கெட்ட தம்பி அவர்தான். பதினோரு வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் வருகிறார்.

"முப்பத்தெட்டாம் பக்கத்துல நான் அவன் பேனாவத் திருடறேன்," என்றார், அவள் கேட்காமலே. "அந்தப் பேனாவ அப்பா எனக்குத்தான் கொடுத்தாரு. அண்ணன் அப்ப வெளிய வெளையாடிட்டிருந்தான். திரும்பி வந்து பார்த்தா பேனா என் கையில. அவன் பார்த்தத அவன் எழுதினான். நான் என்னத்தச் சொல்ல?"

"இங்க என்ன சொன்னாங்க?"

"நீயும் உன் பங்குக்கு ஒரு புத்தகம் எழுதுன்னாங்க. 'நான்'னு ஆரம்பிச்சாத்தான் இங்க காது கேக்கும்னாங்க. உக்காந்து எழுதினேன், நானூறு பக்கம். ஊரே என்னைப் பார்த்து உச்சுக் கொட்டிச்சு."

"பரவாயில்லையே. அப்புறம் ஏன் இன்னும் வர்றீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுல எம் பொண்டாட்டி கொஞ்சம் கெட்டவளா வந்துட்டா. வேணும்னு செய்யலம்மா. எழுத எழுத அப்படி வந்துடுச்சு. இப்ப அவளும் மனு போட்டிருக்கா. அவளைத் தனியா அனுப்ப முடியுமா, துணைக்கு வர்றேன்."

பெஞ்சின் மறுகோடியில் ஒரு பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டு, மடியில் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்.

"நேரமாச்சு, சாப்பிடறியா?" என்று டிரைவர் கேட்டார்.

"உங்க புத்தகத்துல நான் உங்களுக்குச் சோறே போடல. இப்ப மட்டும் என்ன?" என்றபடி அவர் டப்பாவைத் திறந்து பாதியைத் தள்ளி வைத்தார்.

லேப் அம்மா படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து பின்னறையில் உட்கார்ந்தாள். 'உமது தரப்பை உமது குரலில் எழுதுக' என்று அச்சிட்டிருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். தன் குரலில் அவள் எதையும் எழுதியதில்லை. சோதனைக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள்: பார்ப்பவரின் மனசு தாளில் இருக்கக் கூடாது. என்ன எடுத்தாய், எத்தனை மணிக்கு, என்ன தெரிந்தது. மற்றதை வீட்டில் வைத்துக்கொள். முப்பத்தொரு வருஷம் அப்படியே செய்தவள். வீட்டிலும் வைத்துக்கொள்ள இடம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

கணவர் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அது அவளுக்குத் தெரியும். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் பையை மாட்டிக்கொண்டு போகிற பெண்டாட்டியின் முதுகுதான் தெரியும். முதுகில் என்ன தெரிந்துவிடப் போகிறது?

பையில் குழந்தையின் ரத்தம் இருந்தது.

பெரிய டாக்டர் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "ஊசி குத்திக் குத்தி இங்க வச்சிருக்கறதுக்கு வீட்லயே இருக்கட்டும்மா. செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல," என்றார். மைக்ராஸ்கோப்பில் அவள் பார்த்ததைத்தான் அவரும் பார்த்தார். அவள் வீட்டுக்கு வந்தபோது கணவர் சிங்கம் மாதிரி உறுமிக்கொண்டிருந்தார், மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷனிடம் சொன்னால் இப்போதே உடைந்துபோவார். மகள் மிச்ச நாளெல்லாம் அழுகிற முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். "என்ன சொன்னாங்க?" என்று அவர் கேட்டார். "சாதாரணக் காய்ச்சல்தான்," என்றாள். அந்தப் பத்தொன்பது நாள்தான் நாவலின் மிகச் சிறந்த பகுதி என்று எல்லாரும் எழுதினார்கள். அப்பனும் மகளும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். பிற்பாடு சொல்லலாம் என்றிருந்தாள். சொன்னால், தெரிந்துமா என்னைக் கதை சொல்லவிட்டாய் என்று அவர் கேட்பார். அதனால் முப்பத்தெட்டு வருஷம் சொல்லவில்லை.

இதையெல்லாம் எழுத அவளுக்கு வரவில்லை. கடைசியில் அவளுக்குத் தெரிந்தபடி எழுதினாள்.

'மாதிரி: விரல்நுனி ரத்தம். பெண், வயது ஆறு. எடுக்கப்பட்டது காலை 8.10. பார்க்கப்பட்டது 9.20. மீண்டும் பார்க்கப்பட்டது 9.40. மீண்டும் பார்க்கப்பட்டது 10.15. மீண்டும் பார்க்கப்பட்டது 11.00. மீண்டும் பார்க்கப்பட்டது 12.30. மீண்டும் பார்க்கப்பட்டது 3.00. முடிவு: ரத்தப் புற்று. பெரிய டாக்டரிடம் காட்டப்பட்டது. சிகிச்சை இல்லை. வீட்டில் தெரிவிக்கப்படவில்லை. பலகையை எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

வியாழக்கிழமை விசாரணை. தலைவர் நடுவில், செயலாளர் வலப்பக்கம், ஒப்பீட்டு அதிகாரி இடப்பக்கம். தலைவர் மனுவை வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனசு இளகிவிட்டது போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

"அம்மா," என்றார் தலைவர், "இதுல கண்ணீர் எங்க இருக்கு?"

"இது ரிப்போர்ட்டுங்க."

"அதான் கேக்கறேன். செத்துப்போனது உங்க மகள். 'பெண், வயது ஆறு'ன்னு எழுதியிருக்கீங்க. ஆசிரியர் பாருங்க, அந்தக் குழந்தையோட காலணியப் பத்தி மட்டும் நாலு பக்கம் எழுதியிருக்கார். படிச்சு எங்க வீட்டு நாய்கூட சாப்பிடல."

"நடந்தது இதுதாங்க."

"நடந்ததுன்னு ஆயிரம் இருக்கும்மா. நாங்க உணர்ந்ததத்தான் பாதுகாக்கறோம்."

ஒப்பீட்டு அதிகாரி சிவப்புப் பேனாவை எடுத்தார். "நடையிலயும் கோளாறு இருக்குங்கய்யா. 'பார்க்கப்பட்டது, மீண்டும் பார்க்கப்பட்டது'ன்னு ஆறு தடவை வருது. கூறியது கூறல் குற்றம்னு நம்ம இலக்கணத்துலயே இருக்கு." ஒன்றைவிட்டு மற்றதையெல்லாம் அடித்தார். "அப்புறம் இந்த 'முடிவு'. நாவல்ல காய்ச்சல்னு இருக்கு. மனுவுக்காக நாவலத் திருத்த முடியாது." அதையும், நாவலில் இல்லாத மணிக்கணக்கு, டாக்டர், சிகிச்சை, பலகைக் கோரிக்கை எல்லாவற்றையும் அடித்தார்.

செயலாளர் மிச்சமிருந்ததைப் பார்த்தார். அவர் கண்கள் அகன்றன. "ஐயா, இத இப்பப் படிங்க!"

தலைவர் படித்தார். 'விரல்நுனி ரத்தம். பெண், வயது ஆறு. எடுக்கப்பட்டது. பார்க்கப்பட்டது. வீட்டில் தெரிவிக்கப்படவில்லை.'

"ஆகா," என்றார் தலைவர் மெல்ல. "ஆசிரியர் கொஞ்சங்கூட மிகைப்படுத்தலயே."

மனு தள்ளுபடி செய்யப்பட்டது. மனுவின் திருத்திய பிரதியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'மனைவி தன் கைப்பட எழுதியது' என்ற தலைப்புடன் பித்தளைப் பலகைக்குக் கீழே காட்சிக்கு வைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானமானது. அசல் ஆவணம் அளித்ததற்காக அவளுக்குப் பாராட்டுச் சான்றிதழ் ஒன்றும் கொடுத்தார்கள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, நாவலில் இருப்பதுபோல உயரமும் ஒல்லியுமான ஒரு நாடகக்காரியைக் கழகம் வேலைக்கு எடுத்தது. தங்கமான பெண். பின்னறைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, அந்த 'சாதாரணக் காய்ச்சல்தான்'ங்கற வசனத்த எப்படிச் சொல்லுவீங்க? தோளக் குலுக்கிட்டா?"

"இல்லம்மா. செவுத்தப் பிடிச்சுக்கிட்டு."

நாடகக்காரி கையேட்டைப் புரட்டிப் பார்த்தாள். "குலுக்கறதுன்னுதான் போட்டிருக்காங்க. கோவிச்சுக்காதீங்கக்கா, எனக்கு இது நிரந்தர வேலை."

"கோவம் என்ன, இருக்கட்டும்," என்றாள் லேப் அம்மா. "பைய எடது தோள்ல மாட்டிக்கோ. வலது வலிக்கும்."

விழாவன்று தலைவர் பேசினார்.

"பொய் சொல்பவன் 'அவன் செய்தான், இவள் செய்தாள்' என்பான். 'நான்' என்று சொல்பவன் தன் நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறான். நெஞ்சில் கைவைத்தபின் பொய் எப்படி வரும்? என் தன்வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நூற்றிருபது பேர் வருகிறார்கள். ஒருவர்கூட என்னைவிட நேர்மையானவர் இல்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? உள்ளதை எழுதினேன்." கூட்டம் கைதட்டியது. அந்தத் தன்வரலாற்றின் எழுபத்திரண்டாம் பக்கத்தில் கோழையாக வரும் செயலாளரும் பக்கத்தில் நின்று கைதட்டினார்.

மகன் ரிப்பனை வெட்டினான். காதோரம் நரைத்திருந்தது. ஒப்பீட்டு அதிகாரி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாவல்ல நீங்க தொட்டில்ல இருக்கீங்க. இருந்தாலும் வந்ததுல சந்தோஷம்."

பார்வையாளர்கள் வரிசையாக உள்ளே போனார்கள். ஏழாவது படியில் நாலு பேர் தடுக்கினார்கள். லேப் அம்மா மகனுக்குப் பக்கத்தில் நடந்தாள். யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை; அவள் ரொம்பக் குள்ளம்.

அறையில் ஒரு சின்னக் கட்டில், ஒரு நாற்காலி. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நாடகக்காரி உள்ளே வருவாள். கட்டிலைப் பார்க்காமல், "சாதாரணக் காய்ச்சல்தான்," என்று தோளைக் குலுக்குவாள். பையை மாட்டிக்கொண்டு அந்த வாசல் வழியாக வேலைக்குப் போவாள். வரிசை மொத்தமும் "ச்சு" என்னும். மகனும் அப்படிச் சொன்னதை லேப் அம்மா கேட்டாள். அவனை அறியாமல் வந்த சத்தம்தான்.

வாசலுக்கு வந்ததும் அவன் பலகையைப் படித்தான். கண்ணாடிப் பெட்டியில் இருந்ததைப் படித்தான். அம்மாவின் கையெழுத்து அவனுக்குத் தெரியும். முகம் ஒரு நொடி சுருங்கி, மறுபடி மரியாதையானது.

"விடுங்கம்மா," என்றான் மென்மையாக. "கடைசி அத்தியாயத்துல அப்பாதான் உங்கள மன்னிச்சுட்டாரே."

அவள் கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சாயம் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்," என்றாள்.

"என்ன சாயம்?"

"ரத்தத்தக் கண்ணாடியில தடவி, சாயம் போட்டுத்தான் பார்க்கணும். உங்கக்காவோட ரத்தத்த அன்னிக்கு நாந்தான் எடுத்துட்டுப் போனேன். அதுக்குத்தான் வேலைக்குப் போனேன். போட்டுப் பார்த்தா, ஆறு வயசுக் குழந்தைக்கு இருக்கக் கூடாதது அதுல இருந்துச்சு. சாயம் பழசா இருந்தாத் தப்பாத் தெரியும். தப்பாத்தான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டு..." அவள் இடது கை விரல்நுனியைத் தடவினாள். "என் விரல்லயும் குத்தினேன். அதே பாட்டில், அதே சாயம். என் ரத்தத்தப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். அத மட்டும் எந்தத் தாள்லயும் எழுதலப்பா."

மகன் அவளையே பார்த்தான்.

"உங்க ரத்தம் எப்படி இருந்துச்சும்மா?"

"என்னோடது நல்லா இருந்துச்சு," என்றாள் அவள். "ஒரு கொறையும் இல்ல."

பின்னால் வரிசை நெருக்கியது. ஒப்பீட்டு அதிகாரி கையை அசைத்து, "நிக்காதீங்க, நகருங்க, அடுத்த காட்சிக்கு நேரமாச்சு," என்றார். மகன் நகரவில்லை. வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் தோள்கள் குலுங்கின.

அறைக்குள் வசனம் முடிந்தது. நாடகக்காரி பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வழி இல்லை. அவனைப் பார்த்தாள், அவனுக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். அதிகாரி கையேட்டைக் காட்டி ஏதோ கத்தினார்.

நாடகக்காரி பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, திரும்பிப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

அந்தக் காட்சியில் மனைவி வேலைக்குப் போகவில்லை.